ஒரே வருடத்தில் இரண்டு நாகேஷ்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகிறவர்கள் ஆழியாறு அணையைத் தாண்டித்தான் மலையேற வேண்டும். பஸ்ஸில் கொஞ்சம் வயசானவர்கள் இருந்தால், அணை கண்ணில் பட்டதும் யாராவது ஒருவர் பக்கத்து சீட்டுக்காரரிடம், "இங்கதானுங்க காதலிக்க நேரமில்லை எடுத்தாங்க" என்று சொல்லாமல் இருக்கமாட்டார். ஸ்ரீதர் 1964-இல் எடுத்த படம். சொன்னவர் அதோடு விடமாட்டார். செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சிக்குப் போய்விடுவார். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்று பெயரை வைத்துக்கொண்டு, கையில் காலணா இல்லாமல் படமெடுக்கத் துடிக்கிற மகன் நாகேஷ். எஸ்டேட் முதலாளி அப்பா டி.எஸ். பாலையா. நாகேஷ் கதவு திறக்கிற சத்தத்தை வாயாலேயே போடுவார், காலை இழுத்து இழுத்து நடப்பார், குரலை இறக்குவார், சட்டென்று ஏற்றுவார். பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும். அறுபது வருடம் தாண்டியும் அந்தக் காட்சிக்கு ஜனம் சிரித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் மட்டும் வராது. நாகேஷ் இந்த ஊர்க்காரர். 1933-இல் தாராபுரத்தில் பிறந்தவர். அன்றைக்கு தாராபுரமும் ஆழியாறும் ஒரே கோயமுத்தூர் மாவட்டம்தான். சொந்த மாவட்டத்து அணைக்கரையில் நின்று அவர் அந்தப் படத்தில் நடித்திருக்கிறார். அப்புறம் மாவட்டங்கள் பிரிந்தன. 2009 ஜனவரி 31-இல் அவர் சென்னையில் காலமானபோது தாராபுரம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. அடுத்த மாதமே புதிதாக உண்டான திருப்பூர் மாவட்டத்துக்குள் போய்விட்டது.

கொங்கு நாட்டு நடிகர்கள் என்று பேச ஆரம்பித்தால் கவுண்டமணி, சத்யராஜ், மணிவண்ணன், கோவை சரளா என்று வரிசையாக வந்துவிடும். வாயைத் திறந்தால் ஊர் தெரியும் என்பதால் அவர்களை நாம் உரிமை கொண்டாடுகிறோம். நாகேஷின் தமிழில் அமராவதிக்கரையின் வாடை வராது. வீட்டில் பேசியது கன்னடம், கூப்பிட்ட பெயர் குண்டுராவ். இளவயதிலேயே ஊரைவிட்டுப் போய், ரயில்வேயில் குமாஸ்தாவாகி, மேடை நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக ஒரே ஒரு சின்ன வேஷம் போட்டு, தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆரே பாராட்டும்படி நடித்தவர். அம்மைத் தழும்பு நிறைந்த முகம், ஊதினால் பறந்துவிடும் உடம்பு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சினிமாவுக்கு வந்தார். நம்ம பக்கத்து ஆள் என்று அவரைச் சொல்லிக்கொள்வதில் நாம் ஏன் இவ்வளவு சுணக்கமாக இருக்கிறோம் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஆதங்கம் உண்டு.

அவருடைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. நாம் விழுந்து விழுந்து சிரிக்கிற நாகேஷ் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் அதே வருடத்தில் நம்மை உலுக்கி எடுக்கிற இன்னொரு நாகேஷ் படமும் இருக்கும். 1964-இல் ஒரு பக்கம் செல்லப்பா, இன்னொரு பக்கம் சர்வர் சுந்தரம். 1965-இல் திருவிளையாடல் தருமி, கூடவே நீர்க்குமிழி சேது. 1968-இல் தில்லானா மோகனாம்பாள் வைத்தி, கூடவே எதிர்நீச்சல் மாது. வேகம்தான் நாகேஷ் என்று தமிழ்நாடே சொல்கிறது. எனக்கு அந்த வேகம் நிற்கிற இடம்தான் நாகேஷ். ஓடிக்கொண்டே இருக்கும் ஒருவர் ஒரு நொடி நின்றால், எதற்காக நின்றார் என்று நம் வயிறு கலங்குமே, அதுதான் அவருடைய நடிப்பில் எல்லாவற்றையும்விடப் பெரிசு.

சர்வர் சுந்தரத்தை நான் என் மாமாவோடு சேர்ந்துதான் ஒழுங்காகப் பார்த்தேன். மாமா காங்கேயம் பக்கத்துக்காரர். மழை பொய்த்து, கிணறு வற்றி, தோட்டத்தில் வெள்ளாமை இல்லாமல் போனபோது திருப்பூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சப்ளையராகச் சேர்ந்தவர். அப்புறம் கோயமுத்தூரிலும் பல வருடம் அதே வேலை. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நாலு தட்டு, வலது கையில் சாம்பார் வாளி, வாயில் அடுத்த டேபிள் ஆர்டர் என்று அவர் நடந்து வருவதைச் சின்ன வயதில் நேரில் பார்த்திருக்கிறேன். பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தால்கூட, நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் வந்து நின்றுவிடுவார். அத்தை, "உக்காந்து சாப்பிடுங்க, இங்க யாரும் பில்லுக்குக் காத்திருக்கல" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படம் ஓடியது. கே. பாலசந்தர் எழுதி, ஏவிஎம்முக்காக கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம். சுந்தரம் கோபுரமாக அடுக்கிய டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு வருகிற இடத்தில் நான் "அடேங்கப்பா" என்றேன். மாமா அதற்கு அசையவில்லை.

"அது பழகிட்டா வந்துரும் மாப்ள. நீ அவரு குனியறதைப் பாரு."

"குனியறதுல என்னங்க மாமா இருக்குது?"

"டேபிளுக்கு வந்து என்ன சாப்பிடறீங்கன்னு கேக்கறப்ப, உடம்பு முழுக்கக் குனியும். கண்ணு மட்டும் குனியாது. அது சாப்பிட வந்தவங்க மூஞ்சியப் படிச்சுட்டே இருக்கும். அவசரமா, பசியா, கையில காசு இருக்குதா, வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கறாங்களா, அம்புட்டும் ஒரு நொடியில தெரிஞ்சுக்கணும். நாங்க பத்து வருசத்துல கத்துக்கிட்டதை இந்த மனுசன் எங்க போய்க் கத்துக்கிட்டாரு?"

அன்றிலிருந்து அந்தப் படத்தை நான் பார்க்கிற விதமே மாறிப்போனது. சுந்தரம் ராதாவை விரும்புகிறான். அவள் காட்டுகிற பரிவைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறான். அவளோ அவனுடைய நண்பன் ராகவனை விரும்புகிறாள். கே.ஆர். விஜயாவும் முத்துராமனும். உண்மை தெரிகிற இடத்தில் வேறு ஒரு நடிகராக இருந்தால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பியிருப்பார், பின்னணியில் வயலின் அழுதிருக்கும். நாகேஷ் செய்வது, மாமா சொன்ன அந்தக் குனிவு. உடம்பு பணிந்துவிடுகிறது. அடுத்தவர் மனசைப் படித்துப் படித்தே வாழ்ந்த ஒருவன், தன் விஷயத்தில் மட்டும் தப்பாகப் படித்துவிட்டான் என்பது அந்தக் கண்ணில் தெரியும். ஒரு சப்ளையருக்கு அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

அப்புறம் அதே சுந்தரம் சினிமாவில் பெரிய நடிகனாகிறான். ஷூட்டிங் எப்படி நடக்கிறது என்பதை அந்தக் காலத்து ஜனங்களுக்கு உள்ளே கூட்டிப்போய்க் காட்டிய படம் அது. "அவளுக்கென்ன" பாட்டில் டி.எம். சௌந்தரராஜன் மைக் முன்னால் நின்று பாடுவதும், எம்.எஸ். விஸ்வநாதன் கையசைத்து வாத்தியக்காரர்களை நடத்துவதும் அப்படியே திரையில் வரும். புகழ் வந்த மகனால் அம்மாவின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியாமல் போகிறது. அம்மாவாக எஸ்.என். லட்சுமி. கடைசியில் சுந்தரம் எல்லாவற்றையும் உதறிவிட்டு மறுபடி சர்வர் வேலைக்கே திரும்புகிறான். படம் முடிந்து மாமா எழுந்து போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தார். "திரும்பி வந்தவனுக்கு மொத நாளு கை நடுங்கும், அதைக் காட்டல" என்று மட்டும் சொன்னார். அவ்வளவு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார்.

தருமியைப் பற்றி எழுதாத ஆளில்லை. திருவிளையாடலில் நாகேஷ் வருகிற நேரம் கொஞ்சம்தான். சிவாஜி கணேசன் சிவனாக நிற்கிற படம் அது, அவருக்கு எதிரே மார்பெலும்பு எண்ணும்படியான உடம்போடு ஒருவர் வந்து, படத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேள்வி பதில் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். சேர்ந்தே இருப்பது எது என்று தருமி கேட்க, வறுமையும் புலமையும் என்று பதில் வரும். அந்த பதிலைக் கேட்டதும் தருமியின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்தது தன்னுடைய வாழ்க்கை.

எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய இடம். பாண்டியன் சபையில் நக்கீரர் பாட்டில் குற்றம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். இயக்குநர் ஏ.பி. நாகராஜனேதான் அந்த நக்கீரர். தருமி பாட்டை வாதாடிக் காப்பாற்ற முயல்வதில்லை. எவ்வளவு குற்றம் இருக்கிறதோ அவ்வளவுக்குப் பரிசைக் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறான். தியேட்டரே சிரிக்கும். ஈரோட்டு மண்டியில் மஞ்சள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "ஈரம் இருந்தா அதுக்கேத்தாப்பல கழிச்சுக்குங்க, திருப்பி மட்டும் அனுப்பீராதீங்க" என்று நிற்கிற விவசாயியின் குரல் அது. சிரிப்புக்காக எழுதின வரியில் பசியை எடுத்து வைத்தது நாகேஷ். கோயிலுக்குள் தனியாக நின்று அந்த ஆயிரம் பொன்னை நினைத்துப் புலம்புகிற காட்சியிலும் அதேதான். கை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும், வார்த்தை அதற்கும் முன்னால் ஓடும். திடீரென்று எல்லாம் நின்று, தன் கையையே பார்ப்பதுபோல் ஒரு பார்வை. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சு வாங்கும்.

அதே வருடம் பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய நீர்க்குமிழி வந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும் கதை. வார்டையே கலகலப்பாக வைத்திருக்கும் நோயாளி சேதுவுக்கு அதிக நாள் இல்லை என்பது நமக்குத் தெரிந்துவிடும். நாடகத்தன்மை கொஞ்சம் தூக்கலான படம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு காமெடி நடிகரை நடுவில் உட்காரவைத்து முதல் படம் எடுக்கிற துணிச்சல் ஒரு புது டைரக்டருக்கு வந்ததென்றால், மேடையில் நாகேஷை அருகிலிருந்து பார்த்தவர் என்பதுதான் காரணம். "ஆடி அடங்கும் வாழ்க்கையடா" என்று சீர்காழி கோவிந்தராஜன் குரல் எழும்போது, அதுவரை நாகேஷ் அடித்த லூட்டிகள் எல்லாம் வேறு அர்த்தத்தோடு திரும்பி வரும்.

மேஜர் சந்திரகாந்த் 1966. இதை அதிகம் பேர் பேசுவதில்லை, எனக்கு வருத்தம்தான். நாகேஷ் அதில் தையற்காரர் மோகன். தங்கையாக ஜெயலலிதா. தங்கைக்குக் கல்யாணம் பண்ணிப் பார்ப்பதே வாழ்க்கை என்று இருக்கிற அண்ணன். அவள் ஏமாற்றப்பட்டு உயிரை விட்டுவிட, ஏமாற்றியவனைக் கொன்றுவிட்டு, கண் தெரியாத மேஜர் ஒருவரின் வீட்டுக்குள் போய் ஒளிகிறான். கொல்லப்பட்டவன் அந்த மேஜரின் மகன். மேஜராக நடித்த சுந்தரராஜனுக்குப் பெயரோடு மேஜர் ஒட்டிக்கொண்டது இந்தக் கதையால்தான். எதிரில் இருப்பவருக்குக் கண் தெரியாது என்பது நடிகருக்கு எவ்வளவு பெரிய வாசல்! மோகன் குரலில் ஒன்றைச் சொல்லலாம், முகத்தில் வேறொன்றைக் காட்டலாம். மேஜருக்குக் கேட்பது குரல் மட்டும், நமக்கு இரண்டும். நாகேஷ் அந்த வாசலை முழுக்கத் திறந்து வைத்து நடித்திருக்கிறார். குரலில் மரியாதை, முகத்தில் இன்னும் ஆறாத ரத்தக்கொதிப்பு. காமெடியனுக்கு இதெல்லாம் வருமா என்று அன்றைக்குக் கேட்டவர்கள் யாராவது இருந்திருந்தால், இந்தப் படத்துக்குப் பிறகு வாயை மூடியிருப்பார்கள்.

தில்லானா மோகனாம்பாள் வைத்தியை எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்ணைப் பெரிய மனிதர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற தரகனை, வெற்றிலைச் சிரிப்போடு, பணிவோடு, "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்கிற தொனியோடு காட்டினார். நம்மைச் சிரிக்கவைத்துக்கொண்டே அருவருக்கவும் வைத்தார். சவடால் வைத்தி என்கிற பெயர் ஊர்ப் பேச்சில் அப்படியே தங்கிவிட்டது. அவ்வளவு போதும், எதிர்நீச்சலுக்கு வருகிறேன்.

மாடிப்படி மாது. ஸ்டோர் வீடு ஒன்றில் மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் அனாதை. எல்லாக் குடித்தனத்துக்கும் எடுபிடி. அவர்கள் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு படிக்கிறான். மேலேயிருந்து ஒரு குரல் "மாது" என்கும், கீழேயிருந்து ஒரு குரல் "மாது" என்கும். நாகேஷ் ஒவ்வொரு குரலுக்கும் வேறு வேறு மாதிரி திரும்புவார். அதட்டுகிற வீட்டுக்கு ஒரு திரும்பல், கொஞ்சம் அன்பான வீட்டுக்கு ஒரு திரும்பல், சோறு மீதி இருக்கிற வீட்டுக்கு ஒன்று. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அவர்கள் மாட்டுக்குத் தண்ணி காட்டி, கடைக்கு ஓடி, ராத்திரி தெருவிளக்கில் படித்து வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் எதிர்நீச்சல் சும்மா ஒரு படமில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்க மறுத்துவிட்டார். "ஒருக்கா பாத்ததே சாமி, நெஞ்சுக்குள்ளயே இருக்குது" என்றார்.

எழுபதுகளில் அபூர்வ ராகங்கள் டாக்டர் சூரி. சுவரில் விழுகிற தன் நிழலோடு கோப்பையை மோதி சியர்ஸ் சொல்கிற அந்தச் சின்ன இடம் போதும், குடிக்கிறவனின் தனிமையைப் பற்றி வேறு வசனமே தேவையில்லை. அதற்கப்புறம் அவருக்கு ஏற்ற வேஷங்கள் குறைந்துகொண்டே போயின. தமிழ் சினிமா புதிய முகங்களை நோக்கி ஓடியது. 1989-இல் அபூர்வ சகோதரர்கள் படத்தில் கமல்ஹாசன் அவரை வில்லன் தர்மராஜாக ஆக்கினார். அடுத்த வருடம் மைக்கேல் மதன காமராஜனில் அவினாசி. தாராபுரத்துக்காரருக்கு எங்கள் பக்கத்து ஊர்ப்பெயரிலேயே ஒரு வேஷம் அமைந்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

அப்புறம் 1994. மகளிர் மட்டும் படத்தில் அவர் பிணம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் தங்கள் முதலாளி செத்துவிட்டான் என்று நினைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து தவறான பிணத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். அந்தப் பிணம் நாகேஷ். வசனம் இல்லை, முகபாவம் இல்லை, இமை அசையக்கூடாது. தமிழ் சினிமாவின் மிக வேகமான உடம்பு அசையாமல் கிடந்து சிரிக்கவைத்தது. தூக்குகிறவர்கள் கையில் அது தொய்கிற விதம், சாய்கிற கோணம், விழுகிற கனம் எல்லாமே அவர் முடிவு செய்தது. உயிருள்ள உடம்பைத் தூக்கினால் அது தன்னையறியாமல் தானும் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். அதை விட்டுவிடுவது எவ்வளவு சிரமம் என்று யாரையாவது உங்களைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அதே வருடம் தீபாவளிக்கு நம்மவர். கே.எஸ். சேதுமாதவன் இயக்கிய படம். நாகேஷ் கல்லூரிப் பேராசிரியர் பிரபாகர் ராவ். மகள் தற்கொலை செய்துகொள்கிறாள். அந்த அப்பா அதற்குப் பிறகு பேசுகிற காட்சியை நான் ஒவ்வொரு முறையும் முழுக்கப் பார்த்ததில்லை. பேச்சு எங்கெங்கோ போகும். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரிக்க முடியாது.

எங்கள் பக்கத்து எழவு வீடுகளில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் சேரில் ஆண்கள். சொந்தத்தில் ஒரு பெரியப்பா, வளர்ந்த மகளைப் பறிகொடுத்த அன்றைக்கு, வந்தவர்களுக்கெல்லாம் டீ கொடுத்தாச்சா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். வண்டியை நிழலில் நிறுத்தச் சொன்னார். இந்த வருடம் மழை எப்படி என்று ஒருவரிடம் கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு முன்னாலேயே சிரித்தார். யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாகேஷ் அந்தப் படத்தில் செய்திருப்பது அதைத்தான். துக்கம் பேச்சை ஓடவிடும், நிற்க விடாது, நின்றால் விழுந்துவிடுவோம் என்று அந்த மனுசனுக்குத் தெரியும். முப்பது வருடம் நம்மைச் சிரிக்கவைத்த அதே வேகம், அதே குரலோட்டம், இங்கே பயத்தால் ஓடுகிறது. அப்புறம் ஒரு இடத்தில் நிற்கிறது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அந்த வேஷத்துக்குத்தான் தேசிய விருது கொடுத்தார்கள், சிறந்த துணை நடிகர் என்று. வாழ்நாளில் அவருக்கு வந்த ஒரே தேசிய விருது. பத்ம விருது எதுவும் வரவில்லை. அறுபது வயது தாண்டி அழுது காட்டிய பிறகுதான் கண் தெரிந்ததா, மாதுவைப் பார்த்தபோது எங்கே போயிருந்தீர்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

மாமாவுக்கும் எனக்கும் இதில் இன்னும் சண்டை தீரவில்லை. நம்மவர் பேராசிரியருக்கு மேல் எதுவுமில்லை என்பது என் கட்சி. போன நோம்பிக்கு ஊருக்குப் போனபோதும் இலை எடுக்கிற வரைக்கும் வாதாடினோம். சர்வர் சுந்தரத்தைத்தான் தூக்கிப் பிடிப்பார் என்று நினைத்தால், மாமா நேராகத் தருமிக்குப் போய்விட்டார்.

"நீ சொல்றது எல்லாம் செரி மாப்ள. மகளப் பறிகுடுத்தவன் அழுதா யாரா இருந்தாலும் கண்ணு கலங்கும். ஆயிரம் பொன்னு போச்சுன்னு ஒருத்தன் அழறான், அதுவும் அடுத்தவன் எழுதிக் குடுத்த பாட்டுக்கு. அவனுக்கு எதுக்குடா நம்ம மனசு இளகணும்? இளகுது பாரு. அதுக்குப் பதில் சொல்லிப்போட்டு அப்புறம் உன்ற பேராசிரியருகிட்ட வா."